நாலு ஜி வாசித்துப் பாருங்கள்: ஜாஸுக்கு அப்ரைட் பேஸ் சாம்பிள் தேர்ந்தெடுப்பது

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜாஸ் ட்ராக் செய்யத் தொடங்குபவர்கள் பியானோவில் அதிகம் மாட்டிக்கொள்வதில்லை. டிரம்ஸிலும் ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள். பேஸ் வந்து சேர்ந்ததும்தான் மொத்த ட்ராக்கும் செயற்கையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. உடனே எந்த ப்ளகின் (இசை மென்பொருளுக்குள் ஓடி வாத்தியச் சத்தம் தரும் துணை மென்பொருள்) நல்லது என்று தேடுகிறோம். கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல், எத்தனை ஜிபி என்ற கணக்கு, விலை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று இன்னொன்றைவிட ஏன் நன்றாக இருக்கிறது, உங்கள் பாட்டுக்கு எது பொருந்தும் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. அதைக் காதால் சோதித்துத் தெரிந்துகொள்ளச் சில வழிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் வாத்தியம். ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் என்று அழைக்கப்படுவதும் ஜாஸில் அப்ரைட் பேஸ் என்று அழைக்கப்படுவதும் ஒன்றேதான். ஆளைவிட உயரமான வாத்தியம், பெரிய மர வயிறு, நான்கு கம்பிகள். கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. மிகத் தாழ்ந்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஏ 55, டி சுமார் 73, ஜி சுமார் 98. ஆர்க்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் வில்லால் வாசிப்பார்கள். ஜாஸில் பெரும்பாலும் விரலால் சுண்டுவார்கள். விரலால் சுண்டும் அந்த முறைக்குப் பிட்ஸிகாட்டோ என்று பெயர்.

ஜாஸில் இந்த வாத்தியத்தின் அன்றாட வேலை வாக்கிங் பேஸ். நாலு தாளத்துக்கு நாலு நோட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று, கார்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுக் கூட்டங்களுக்கு) நடுவே நடந்து போய்க்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஐந்து நிமிடப் பாட்டு என்றால் சுமார் 800 நோட்டுகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரர் நடுவில் சும்மா இருக்கலாம், சாக்ஸஃபோன் மூச்சு வாங்கலாம். பேஸ் நிற்காது. ஆகவே உங்கள் சாம்பிளில் ஒரு சின்னக் குறை இருந்தால் அதைக் கேட்பவர் ஒருமுறை கேட்பதில்லை, 800 முறை கேட்கிறார்.

ஒற்றை நோட்டின் அழகைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ப்ளகினைத் திறந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கீழே உள்ள ஈ நோட்டை நீளமாக அழுத்திப் பிடித்து, மரம் அதிர்வதைக் கேட்டு, "ஆஹா" என்பது. ஏறக்குறைய எல்லா ப்ளகினும் அந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். தோற்பது அடுத்த நோட்டுக்குப் போகும்போது.

சாம்பிள் என்றால் என்ன, ஜிபி எங்கிருந்து வருகிறது

சாம்பிள் செய்வது என்றால், ஒரு பேஸ் கலைஞரை ஸ்டுடியோவில் உட்கார வைத்து, ஒவ்வொரு நோட்டாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதைக் கீபோர்டின் விசைகளில் அடுக்குவது. கேட்க எளிது. ஆனால் ஒரே நோட்டை மனிதர் மெதுவாகச் சுண்டினால் ஒரு குரல், பலமாகச் சுண்டினால் வேறு குரல். சத்தம் மட்டும் கூடுவதில்லை, நிறமே மாறுகிறது. பலமாக இழுத்தால் கம்பி விரல் பலகையில் படும் சத்தமும் சேர்ந்து வரும். அதனால் ஒரே நோட்டைப் பல பலங்களில் பதிவு செய்கிறார்கள். இவை வெலாசிட்டி லேயர்கள். அப்புறம், ஒரே பலத்தில் இரண்டு முறை சுண்டினாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. அதையும் பிடிக்க, ஒரே பலத்திலேயே பல தடவை பதிவு செய்து, விசையை அழுத்த அழுத்த மாற்றி மாற்றி ஒலிக்க வைக்கிறார்கள். இதுதான் ரவுண்ட் ராபின்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ பதிவு ஒரு நொடிக்குச் சுமார் 0.26 எம்பி. ஆறு நொடி ஒலிக்கும் ஒரு நோட்டுக்கு 1.6 எம்பி. நாற்பது நோட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வெலாசிட்டி லேயர், ஒவ்வொரு லேயருக்கும் நாலு ரவுண்ட் ராபின் என்றால் 640 பதிவுகள். சுருக்காமல் வைத்தால் சுமார் 1 ஜிபி. இதையே மூன்று மைக் வைத்துத் தனித்தனியாகப் பதிந்திருந்தால் 3 ஜிபி. வாசிப்பின் நுணுக்கத்தில் ஒரு இம்மி கூடவில்லை, அளவு மட்டும் மூன்று மடங்கு. இப்படிப் பதிந்த மொத்தத் தொகுப்புதான் லைப்ரரி. ஆக, "30 ஜிபி லைப்ரரி" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது எதனால் 30 ஆனது என்று கேளுங்கள். நோட்டுக்கு நோட்டு மாறுபாடு அதிகம் என்பதால் என்றால் நல்லது. மைக் எண்ணிக்கையால் என்றால் உங்கள் எஸ்எஸ்டி நிரம்பியதுதான் மிச்சம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. எல்லா நோட்டையும் பதியாமல், மூன்று நோட்டுக்கு ஒன்று பதிந்து, நடுவில் உள்ளவற்றை மேலும் கீழும் இழுத்து உருவாக்குவது. பழைய கீபோர்டுகளில் மெமரி குறைவு, வேறு வழியில்லை. இன்றைக்கும் இலவச லைப்ரரிகள் சிலவற்றில் இது இருக்கிறது. இழுக்கும்போது சுருதி மட்டும் மாறுவதில்லை, மர வயிற்றின் ஒலியும் விரல் சத்தமும் சேர்ந்து மாறிவிடுகின்றன.

சோதனை

சரி, கையில் ஒரு டெமோ ப்ளகின் இருக்கிறது, அல்லது நண்பரின் கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது. என்ன வாசித்துப் பார்ப்பது?

முதலில் திறந்த ஜி கம்பியின் ஜி. மிடி எண் 43 (எந்த விசை, எவ்வளவு பலம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்புதான் மிடி, அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு எண்). மென்பொருளின் நோட்டுக் கட்டத்தில் மௌஸால் நாலு ஜி வரையுங்கள். ஒரு தட்டுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி 85. கையால் வாசிக்காமல் வரையச் சொல்வது வேண்டுமென்றேதான். கையால் வாசித்தால் உங்கள் விரலே வித்தியாசம் கொடுத்துவிடும், ப்ளகின் தப்பித்துவிடும். ஒரே வெலாசிட்டியில் நாலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ரவுண்ட் ராபின் இல்லை. ஒன்றும் மூன்றும் ஒரே மாதிரி, இரண்டும் நாலும் ஒரே மாதிரி என்றால் இரண்டுதான் இருக்கிறது, அதுவும் காதுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். நாலும் நாலு விதமாக, ஆனால் ஒரே ஆள் வாசித்தது போல இருந்தால் மேலே போகலாம். அந்த 'ஒரே ஆள்' முக்கியம். சில லைப்ரரிகளில் வித்தியாசம் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு நோட்டு மட்டும் திடீரென்று சுருதி விலகியோ சத்தம் கூடியோ வரும். அப்புறம் அதைத் தேடித் தேடித் திருத்துவதே வேலையாகிவிடும்.

வெலாசிட்டியை 85-க்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. வாக்கிங் வாசிக்கும்போது பேஸ் கலைஞரின் கை பெரும்பாலும் ஒரு நடுத்தர பலத்திலேயே ஓடுகிறது. எட்டு லேயர் இருந்து, அதில் ஐந்து மெல்லிய நோட்டுக்கும் இரண்டு அதிரடிக்கும் போய்விட்டால், நாம் எந்நேரமும் இருக்கும் நடுப்பகுதிக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. லேயர் எண்ணிக்கையைவிட நடுப் பலத்தில் எத்தனை ரவுண்ட் ராபின் என்பதுதான் ஜாஸுக்குப் பெரிய விஷயம். விளம்பரப் பக்கத்தில் இதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு சின்ன வாக்கிங் வரி. ஜாஸின் அரிச்சுவடியான இரண்டு-ஐந்து-ஒன்று என்ற கார்டு வரிசை: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. முதல் பாருக்கு (நாலு தட்டு சேர்ந்த ஒரு சுற்று) டி, எஃப், ஏ, ஏ-ஃபிளாட். அந்த ஏ-ஃபிளாட் கார்டில் இல்லாத நோட்டு. அடுத்த பாரின் ஜி-க்கு அரைப்படி (கீபோர்டில் ஒட்டியிருக்கும் ஒரு விசை) மேலிருந்து இறங்குவதற்காக வருகிறது. இரண்டாவது பாருக்கு ஜி, எஃப், டி, டி-ஃபிளாட். இங்கேயும் கடைசி நோட்டு சி-க்கு அரைப்படி மேல். மூன்றாவது பாருக்கு சி, ஈ, ஜி, ஏ. டி-யைத் திறந்த டி கம்பியில் வைத்துக்கொள்ளுங்கள், மிடி எண் 38. அங்கிருந்து மேலே ஏ வரை, கீழே சி வரை. மொத்த வரியும் 36-க்கும் 45-க்கும் நடுவில் அடங்கிவிடும்.

இதை நிமிடத்துக்கு 140 தட்டில் சுற்றவிட்டு, நோட்டுகளைக் கேட்காதீர்கள். நோட்டுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நிஜ பேஸில் ஒரு நோட்டு முடிவது இடது கை விரல் கம்பியை விடும்போது, அல்லது வலது கை விரல் அடுத்த சுண்டலுக்காகக் கம்பியில் வந்து அமரும்போது. அந்த நொடியில் 'தப்' என்று ஒரு மெல்லிய சத்தம் உண்டு. நல்ல லைப்ரரிகளில் விசையை விடும்போது ஒலிக்க என்றே தனியாகப் பதிவு செய்த ரிலீஸ் சாம்பிள்கள் இருக்கும். இல்லாதவற்றில் நோட்டு கத்தரித்தது போல நிற்கும், அல்லது வெறுமனே மங்கும். தனியாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. 140 வேகத்தில் நாலு பார் ஓடினால், ஏதோ உயிரில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது. பாதி நேரம் காரணம் இதுதான்.

ஏ, ஏ-ஃபிளாட், ஜி என்று இறங்கும் இடத்தையும் கவனியுங்கள். மூன்று நோட்டுக்கு ஒன்று பதிந்த லைப்ரரியாக இருந்தால் இந்த இடத்தில் குரல் சட்டென்று மாறும். இன்னும் தெளிவாகத் தெரிய, கீழே உள்ள ஈ-யிலிருந்து அரைப்படி அரைப்படியாக இரண்டு ஆக்டேவ் ஏறிப் பாருங்கள். நிஜ வாத்தியத்திலும் குரல் மாறத்தான் செய்யும், கம்பி மாறுகிற இடங்களில். ஆனால் அந்த மாற்றம் ஈ, ஏ, டி, ஜி எல்லைகளில் வரும். மூன்று நோட்டுக்கு ஒருமுறை கணக்காக மாறினால் அது இழுத்த சாம்பிள்.

கம்பி என்றதும் இன்னொன்று. அதே ஜி-யைத் திறந்த ஜி கம்பியிலும் வாசிக்கலாம், டி கம்பியில் ஐந்து அரைப்படி மேலேயும் வாசிக்கலாம், ஏ கம்பியில் பத்து அரைப்படி மேலேயும் வாசிக்கலாம். சுருதி ஒன்றுதான், குரல் மூன்று. தடித்த கம்பியில் மேலே போனால் இருண்ட, சற்று மொத்தமான குரல். கம்பி கம்பியாகத் தனித்தனியே பதிவு செய்த லைப்ரரியில் எந்தக் கம்பி என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், அல்லது முந்தைய நோட்டு எங்கே இருந்தது என்பதை வைத்து ப்ளகினே முடிவு செய்யும். தொடக்கத்தில் இது ஆடம்பரமாகத் தோன்றும். ஆனால் மேலே போய் ஒரு சோலோ வரி எழுதும்போது, எல்லா நோட்டும் ஜி கம்பியிலேயே ஒலித்தால் மெலிந்து போய்த் தெரியும்.

அப்புறம் கோஸ்ட் நோட்டு. சுருதியே இல்லாமல் 'டுப்' என்று கேட்கும் அமுக்கிய சுண்டல். இரண்டு தட்டுகளுக்கு நடுவில், ஒரு தட்டை மூன்றாகப் பிரித்த ட்ரிப்லெட்டின் மூன்றாவது இடத்தில், அடுத்த நோட்டுக்குத் துள்ளிப் போக இதைப் போடுவார்கள். ஸ்விங்கின் பாதி அதில் இருக்கிறது என்பேன். லைப்ரரியில் இது இல்லையென்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜாஸுக்கு நான் யோசிப்பேன்.

லெகாட்டோவையும் ஸ்லைடையும் கடைசியில் வைத்ததற்குக் கொஞ்சம் பிடிவாதம் காரணம். விளம்பர வீடியோக்களில் முதலில் காட்டுவது அதைத்தான்: ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, சுண்டாமல் இடது கையாலேயே அடுத்த நோட்டை எழுப்புவது. பாலட்டுக்கும் (மெதுவான பாட்டு) சோலோவுக்கும் இவை இல்லாமல் முடியாது. ஆனால் வாக்கிங் வரியில் அநேகமாக ஒவ்வொரு நோட்டும் தனியாகச் சுண்டப்படுகிறது. அதற்கு லெகாட்டோ ஆனில் இருந்தால் உபத்திரவம். இரண்டு நோட்டு லேசாக ஒன்றின்மேல் ஒன்று படிந்தாலே ப்ளகின் இரண்டாவதைச் சுண்டாமல் விட்டுவிடும், தட்டு காணாமல் போகும். லெகாட்டோவை ஒரே விசையில் அணைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் வெளியிடும் டெமோ பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடை வாசலில் பொம்மைக்கு மாட்டிய சட்டை அது. முதுகுப்புறம் எத்தனை குண்டூசி குத்தி இழுத்திருக்கிறார்கள் என்பது வாங்கி வந்த பிறகுதான் தெரியும். டெமோ செய்தவர் ஒவ்வொரு நோட்டின் வெலாசிட்டியையும் கையால் சரிசெய்திருப்பார். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், சத்த ஏற்றஇறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெஸ்ஸர் எல்லாம் போட்டிருப்பார். யாராவது பயனர் எதுவும் போடாமல் வாசித்துக் காட்டும் வீடியோ கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

எந்தக் காலத்து பேஸ் வேண்டும்

அப்ரைட் பேஸ் என்று ஒரே ஒரு சத்தம் கிடையாது. 1950-கள் வரை ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஆட்டுக் குடலிலிருந்து செய்த கட் கம்பிகளைத்தான் பூட்டினார்கள். பெருக்கி இல்லாமல் டிரம்ஸுக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் நடுவில் கேட்க வேண்டும். அதனால் கம்பியை விரல் பலகையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்து, பலமாக இழுத்து வாசித்தார்கள். பெரிய அடி, சீக்கிரம் அடங்கும் குரல். பிறகு எஃகுக் கம்பிகள் வந்தன. நோட்டு நீளமாக நின்றது. 1970-களில் கம்பிகளைத் தாங்கும் மரப் பாலத்தில் பொருத்தி அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் பரவலாகிவிட, கம்பிகளைத் தாழ்த்தி வைத்து, மெதுவாகச் சுண்டி, வேகமாக வாசிக்க முடிந்தது. அந்தக் காலப் பதிவுகளில் பேஸ் பளபளவென்று, கிட்டத்தட்டப் பாடுவது போல நீளும்.

எந்தக் காலம் என்று காதில் பதிய மூன்று பேஸ் கலைஞர்களைக் கேட்கச் சொல்வேன். 1939-இல் பியானோ கலைஞர் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த ஜிம்மி பிளான்டன். பேஸைத் தனி வாத்தியமாக முன்னுக்குக் கொண்டுவந்தவர், 23 வயதிலேயே இறந்துபோனார். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1950-களின் பிற்பாதியில் வாசித்த பால் சேம்பர்ஸ். வாக்கிங் என்றால் என்ன என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் கிடைக்காது. மூன்றாவது ரான் கார்ட்டர். 1960-களிலும் 1970-களிலும் அவர் வாசித்த பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், மைக் வழியாக வந்த பேஸுக்கும் பிக்கப் வழியாக வந்த பேஸுக்கும் உள்ள தூரம் புரிந்துவிடும். 2,221 பதிவுகளில் வாசித்தவர் என்று 2015-இல் கின்னஸ் அவரை அங்கீகரித்தது, ஆகவே கேட்கப் பஞ்சமில்லை.

இந்த மூன்றில் உங்கள் பாட்டு எதன் பக்கம் என்று தெரிந்தால் லைப்ரரி தேடுவது பாதி முடிந்த மாதிரி. 1950-களின் சிறு கிளப் சத்தம் வேண்டும் என்பவர், நோட்டு ஆறு நொடி நீளும் எஃகுக் கம்பி லைப்ரரியை வாங்கிவிட்டு ஈக்யூவால் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சுருக்கப் பார்ப்பது வீண். ஈக்யூ நிறத்தை மாற்றும், நோட்டு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மாற்றாது. பாலட்டுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: நிமிடத்துக்கு 60 தட்டில் ஒரு முழு நோட்டு நாலு நொடி நிற்க வேண்டும், அதற்குள் சாம்பிள் தீர்ந்துவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். லைப்ரரியின் விவரப் பக்கத்தில் என்ன கம்பி, எந்தக் காலத்து வாத்தியம் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். எழுதியிருந்தால் அந்த நிறுவனத்துக்கு அது முக்கியமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மைக்கும் பிக்கப்பும் இரண்டு தனி ஃபேடராக இருந்தால் இன்னும் நல்லது. பிக்கப் விரலின் தெளிவைத் தரும், மைக் மரத்தைத் தரும். இரண்டையும் கலக்கும்போது ஒரு கவனம். பிக்கப் சத்தம் உடனே வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்குச் சத்தம் சுமார் மூன்று மில்லிநொடி தாமதமாக வருகிறது. அந்தச் சின்னத் தாமதமே சில அதிர்வெண்களை ஒன்றையொன்று தின்ன வைத்துவிடும். இரண்டு ஃபேடரையும் ஏற்றியதும் பேஸ் பெருக்காமல் மெலிந்தால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். ப்ளகினிலேயே அந்தப் பட்டன் இல்லாவிட்டால் டாவில் (DAW, நீங்கள் பாட்டைப் பதிந்து தொகுக்கும் மென்பொருள்) இருக்கும்.

ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரியில் உள்ள பேஸ் பிட்ஸிகாட்டோவை ஜாஸுக்குப் போடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. பெரும்பாலும் வேண்டாம். அது பலர் சேர்ந்து ஒரு பெரிய ஹாலில் சுண்டியது. அந்த ஹாலின் எதிரொலியை நீங்கள் எடுக்கவே முடியாது. நேர்மாறாக, ஜாஸ் லைப்ரரிகள் பலவற்றில் வில் வாசிப்பு இருக்காது. பால் சேம்பர்ஸ் வில்லால் சோலோ எடுத்திருக்கிறார், ஸ்லாம் ஸ்டூவர்ட் வில்லால் வாசித்துக்கொண்டே கூடவே ஒரு ஆக்டேவ் மேலே பாடினார். அந்த மாதிரி ஒன்று வேண்டுமென்றால் தனி வாசிப்பாளரைப் பதிவு செய்த ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரிக்குத்தான் போக வேண்டும்.

கடையில் என்ன இருக்கிறது

எல்லாவற்றையும் பட்டியல் போடப் போவதில்லை. வகைக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன், வகை புரிந்தால் மற்றதைத் தேடிக்கொள்ளலாம்.

ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் நிறுவனத்தின் ட்ரிலியன் 2009-இல் வந்தது. சுமார் 34 ஜிபி, அப்ரைட் மட்டுமல்லாமல் எலக்ட்ரிக், சிந்த் பேஸ் எல்லாம் சேர்த்து. சொந்த ப்ளகினாகவே ஓடும், வேறு பிளேயர் வேண்டாம். வயதாகிவிட்டது, ஆனால் அதன் அகௌஸ்டிக் பேஸை இன்னும் பலர் விடவில்லை. அப்ரைட் மட்டும் போதும் என்பவருக்கு மொத்தப் பெட்டியும் வாங்குவது அதிகம்தான். ஆம்பிள் சவுண்ட் நிறுவனத்தின் ஆம்பிள் பேஸ் அப்ரைட் அதே வேலையை ஒரே வாத்தியத்துக்காகச் செய்கிறது.

இரண்டாவது வகை, வரியையே வாசித்துத் தருபவை. நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் செஷன் பேஸிஸ்ட் அப்ரைட் பேஸ், டூன்ட்ராக்கின் ஈஸிபேஸுக்கான அப்ரைட் விரிவாக்கம், ஆப்பிள் லாஜிக் ப்ரோ 11-இல் 2024-இல் சேர்த்த பேஸ் பிளேயர் ஆகியவை. கார்டு கொடுத்தால் பேஸ் வரி தயார். பியானோ வாசிக்கிறவர் பயிற்சிக்கு ஒரு பின்னணி வேண்டும் என்றால் அருமை. ஆனால் மேலே சொன்ன அந்த ஏ-ஃபிளாட்டிலிருந்து ஜி-க்கு இறங்குகிற புத்தி, அடுத்த கார்டு என்னவென்று முன்னாலேயே தெரிந்து அதை நோக்கி நடப்பது, இவற்றிடம் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. கிடைத்ததை மிடியாக இழுத்துப் போட்டு, பாரின் கடைசி நோட்டை மட்டும் நீங்களே மாற்றினால்கூட வரி நிமிர்ந்துவிடும். மிடியாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சாம்பிளே இல்லாதவை. ஐகே மல்டிமீடியாவின் மோடோ பேஸ் கம்பி எப்படி அதிர்கிறது என்பதைக் கணக்குப் போட்டு அந்த நொடியிலேயே சத்தத்தை உருவாக்குகிறது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அப்ரைட் பேஸும் சேர்ந்தது. கம்பியை மாற்றலாம், எந்த இடத்தில் சுண்டுவது என்று நகர்த்தலாம், இடமும் குறைவாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு நோட்டும் புதிதாகப் பிறப்பதால் நாலு ஜி சோதனையில் எளிதாகத் தேறும். மரத்தின் ஒழுங்கில்லாத அதிர்வு, விரலின் உரசல் இவற்றில் என் காதுக்கு நல்ல சாம்பிள்தான் இன்னும் ஒரு படி மேல்.

காசில்லாமல் ஆரம்பிக்க, கரோரிஃபெர் வெளியிட்ட மீட்பேஸ் என்ற இலவச டபுள் பேஸ் இருக்கிறது. சுண்டியதும் உண்டு, வில்லும் உண்டு. எஸ்எஃப்இசட் வடிவில் வருவதால் சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயரில் திறக்கலாம். லாஜிக், கராஜ்பேண்ட் வைத்திருப்பவர்கள் அதிலேயே உள்ள அப்ரைட் பேஸை முதலில் நாலு ஜி-யால் சோதித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு பொறி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல சின்ன நிறுவனங்களின் லைப்ரரிகள் கான்டாக்ட் என்ற ப்ளகினுக்குள் ஓடுபவை. கான்டாக்டில் இரண்டு வகை: இலவச பிளேயர், காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பு. இலவச பிளேயருக்கென்று உரிமம் பெற்ற லைப்ரரிகள் மட்டுமே அதில் முழுதாக ஓடும். மற்றவை 15 நிமிடம் ஓடி நின்றுவிடும். லைப்ரரி விலை குறைவு என்று வாங்கி, அதை ஓட்ட முழு கான்டாக்ட் வேண்டும் என்று பிறகு தெரிந்தால் கணக்கே மாறிவிடும். ஒருமுறை ஆக்டிவேட் செய்த லைப்ரரியைப் பல நிறுவனங்கள் திருப்பி வாங்குவதில்லை.

வாசிக்கும்போது வரும் சில்லறைத் தொல்லைகள்

நிஜ பேஸின் அடி நோட்டு மிடி எண் 28. அதை டா ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் காட்டும். நடு சி-யை சி4 என்று எண்ணும் மென்பொருளில் அது ஈ1. ஏபில்டன் லைவில் ஈ0. எஃப்எல் ஸ்டுடியோவில் ஈ2. வீடியோவில் யாராவது "ஈ1-இலிருந்து வாசியுங்கள்" என்றால் எண்ணைப் பார்த்து வாசியுங்கள், பெயரைப் பார்த்து அல்ல. 28-க்குக் கீழே சில லைப்ரரிகள் நோட்டு கொடுக்கும். சில கலைஞர்கள் ஈ கம்பியை நீட்டிக் கீழே சி வரை போகிறார்கள், ரான் கார்ட்டரும் அப்படித்தான். அந்த நீட்சி இல்லாத வாத்தியத்தின் சாம்பிளை இழுத்து டி, சி என்று கொடுத்திருந்தால் தொட வேண்டாம்.

61 விசைக் கீபோர்டின் இடது ஓர விசை வழக்கமாக மிடி எண் 36. அதாவது பேஸின் அடியில் உள்ள எட்டு நோட்டுகள் உங்கள் கீபோர்டிலேயே இல்லை. ஆக்டேவ் பட்டனை ஒருமுறை கீழே அழுத்தினால்தான் வரும். ஸ்லைடு, கோஸ்ட் நோட்டு போன்றவற்றை மாற்றும் கீஸ்விட்சுகள் அதற்கும் கீழே இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டும் எட்டாது. கீஸ்விட்ச்களை வேறு விசைக்கு நகர்த்த முடியுமா, அல்லது வெலாசிட்டியாலேயே கோஸ்ட் நோட்டு வருமா என்று பாருங்கள். 25 விசைச் சின்னக் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இது வசதி என்பதைத் தாண்டி, வாங்கலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும் விஷயம்.

கடைசியாக, தேர்ந்தெடுத்ததை டிரம்ஸின் ரைடு சிம்பலோடு (தாளத்தைத் தொடர்ந்து பிடிக்கும் பெரிய உலோகத் தட்டு) மட்டும் சேர்த்து ஓடவிடுங்கள். பியானோ வேண்டாம், ரிவெர்ப் வேண்டாம். சில சாம்பிள்களில் விரல் கம்பியை உரசும் சத்தத்தில் தொடங்கி, சுண்டல் கொஞ்சம் கழித்து வரும். அதைக் குவாண்டைஸ் செய்து தட்டில் சரியாக வைத்தாலும் காதுக்குப் பின்தங்கித்தான் கேட்கும். ட்ராக் டிலேயைப் பத்து, பதினைந்து மில்லிநொடி முன்னுக்கு நகர்த்தி, ரைடின் 'டிங்' பேஸின் சுண்டலோடு ஒட்டுகிற இடத்தைத் தேடுங்கள். போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். 41 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது, அதன் மடங்குகளான 82, 123 கூட மங்கலாகத்தான் வரும். அங்கே வரியைப் பின்தொடர முடிகிறதென்றால் விரல் சத்தமும் மேல் ஒலிகளும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. பிறகு வேகத்தை 220-க்கு ஏற்றுங்கள். நோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பினால் ரிலீஸ் நேரத்தைக் குறையுங்கள், நோட்டு நீளத்தையும் கொஞ்சம் வெட்டுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் அந்த லைப்ரரியைப் பாலட்டுக்கு வைத்துக்கொண்டு, வேகமான பாட்டுக்கு வேறொன்றைத் தேடுங்கள்.